வாசகர் கேள்வி: ராடர் இல்லாமல் பந்தின் வேகம்

கேள்வி: எங்கள் கழக வேகப்பந்து வீச்சாளர் இரண்டாவது தடவை வீச வரும்போது வேகம் குறைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராடர் இல்லை.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: போன் போதும். ஸ்லோமோஷனை செக்கனுக்கு 240 பிரேமில் (தனிப் படங்களில்) வையுங்கள். சாதாரண 30 பிரேமில் ஒரு பிரேம் பிசகினாலே வேகம் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் மாறிவிடும். ஆடுகளத்தின் நடுவுக்கு நேர் பக்கவாட்டில், இரு முனையும் தெரியும் தூரத்தில் போனை அசையாமல் நிறுத்துங்கள்.

பந்து கையை விட்டதிலிருந்து துடுப்பாட்டக்காரரின் கோட்டைத் தாண்டும்வரை பிரேம்களை எண்ணி, 15,275ஐ அந்த எண்ணால் வகுங்கள். (கோட்டுக்குக் கோடு 17.68 மீற்றர். அதை 240ஆலும், மணிக்குக் கிலோமீற்றராக்க 3.6ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 15,275.) 144 பிரேம் என்றால் மணிக்கு 106 கிலோமீற்றர். இது வழிநெடுகச் சராசரி. டிவியில் காட்டுவது கையை விட்ட கணத்து வேகம். இரண்டையும் ஒப்பிடவே வேண்டாம்.

ஆடுகளத்தில் ஏறக்குறைய ஒரே தூரத்தில் குத்திய பந்துகளையே எடுங்கள், தரையில் பட்டதும் வேகம் இறங்கும். சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் எந்த முனையிலிருந்து வீசினார் என்பதையும் குறியுங்கள். முதல் தடவை வீசிய பந்துகளின் சராசரியோடு இரண்டாவது தடவை வீசியவற்றின் சராசரியை ஒப்பிடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் வேகம் திரும்பாமல் இடுப்பும் வலித்தால், வீசுவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் எலும்பு வெடிப்பு வருவதுண்டு.