அலுமினியம் எடுப்பதுபோல யுரேனிய ஆக்சைடையும் உருகிய உப்பில் சுலபமாக உலோகமாக்கிவிடலாமா?

கேட்டவர் ஆய்வில் சேர்ந்து முதல் வருடத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். "ஆறு மாத வேலைதான்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சுலபமில்லை.

ரகசியத்தைப் பொதுவெளியில் எழுதுகிறான் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஆர்கோன், ஐடஹோ ஆய்வகங்களும், கொரியர்களும், நம் கல்பாக்கத்திலும் இதைப் பற்றி ஆய்விதழ்களில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வேக ஈனுலைகள் என்ற வகை அணு உலைகளில் உலோக எரிபொருளைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள், கையில் இருப்பதோ ஆக்சைடு. அதனால்தான் இந்த ஆர்வம். நான் சில கிராம் அளவில் மட்டும் செய்தவன், கிலோ கணக்கில் செய்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

அலுமினியத்தோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல். அங்கே 960 டிகிரி வாக்கில் உருகிய கிரையோலைட் என்ற உப்பில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கரைந்துவிடும், உலோகம் திரவமாக அடியில் தேங்கும். இங்கே 650 டிகிரியில் உருகிய லித்தியம் குளோரைடில் யுரேனியம் டை ஆக்சைடு கரையாது. யுரேனியம் உருக 1132 டிகிரி வேண்டும். ஆக, ஆக்சைடுப் பொடியை அழுத்திச் சுட்ட வில்லை திடமாகவே உள்ளே போய்த் திடமாகவே வெளியே வரும். ஆக்சிஜன் மட்டும் அயனியாக அதைவிட்டு வெளியேற வேண்டும். 2000-இல் கேம்பிரிட்ஜில் டைட்டானிய ஆக்சைடை கால்சியம் குளோரைடில் வைத்துச் செய்து காட்டியதும் இதே வழிதான்.

என் முதல் வில்லைகள் 10 கிராம். கணக்குப்படி ஏறக்குறைய 4 ஆம்பியர்-மணி போதும். நான் அதைப்போல ஒன்றரை மடங்கு செலுத்தினேன். வெளியே எடுத்தபோது வெள்ளிபோல் மின்னியது. இரண்டாக அறுத்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் உலோக வளையம், நடுவில் கன்னங்கரேலென்று ஆக்சைடு. அன்று இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை. யுரேனிய ஆக்சைடு பிரியும் மின்னழுத்தத்துக்கும் லித்தியம் ஆக்சைடு பிரியும் மின்னழுத்தத்துக்கும் இடையே 0.07 வோல்ட் அளவுதான் வித்தியாசம். அதனால் லித்தியமும் கூடவே படியும். அது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கவும் செய்யும், உப்பில் கரைந்து வீணாகவும் போகும். நெருக்கமாகச் சுட்ட வில்லையின் உள்ளிருந்து ஆக்சைடு அயனி வெளியேற வழியும் குறைவு. அடர்த்தி குறைந்த வில்லைக்கு மாறிய பிறகுதான் நடுப்பகுதியும் உலோகமானது.

அடுத்த அடி பிளாட்டினம் ஆனோடில், அதாவது நேர்மின்வாயில். உப்பில் ஒரு சதவீத அளவு லித்தியம் ஆக்சைடு சேர்ப்போம், ஆனோடில் ஆக்சிஜன் வெளியேற அதுதான் வேண்டும். நான் எடுத்த பாட்டில் ஏற்கெனவே திறந்தது, ஈரம் குடித்துப் பாதி ஹைட்ராக்சைடு ஆகியிருந்தது. ஆக்சைடு அயனி குறைந்ததும் பிளாட்டினமே கரைய ஆரம்பித்துவிட்டது. கம்பி, சீவிய பென்சில் முனைபோல் மெலிந்து வந்தது.

பிளாட்டினத்துக்கு ஸ்டோரில் எடைக்கணக்கு உண்டு. மூன்று மாதம் விளக்கக் கடிதம் எழுதினேன். வேதியியல் காரணத்தைச் சமன்பாட்டோடு எழுதியும் கோப்பில் "அலட்சியம்" என்றுதான் குறித்தார்கள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. பாட்டிலைத் திறந்து வைத்தது நான் இல்லை. அதைவிட வருத்தம், எங்கள் கட்டுரையில் இந்தத் தோல்வி ஒரு வரிகூட வரவில்லை. நல்ல வரைபடம் மட்டும் அச்சானது. எனக்கு முன்னால் செய்தவர்கள் எழுதி வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சரி, அதனால்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். செலுத்திய மின்சாரத்தை வைத்து வெற்றி என்று முடிவு செய்யாதீர்கள். உப்பை வெற்றிடத்தில் ஆவியாக்கி நீக்கிவிட்டு, சின்னத் துண்டு ஒன்றைக் காற்றில் சூடாக்கி எடை பாருங்கள். முழுக்க உலோகமென்றால் ஆக்சிஜன் ஏறி எடை 17.9 சதவீதம் கூடும், ஆக்சைடாகவே இருந்தால் 4 சதவீதத்தைத் தாண்டாது. அப்புறம், ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் பிளாட்டினக் கம்பியை எடைபோட்டு, ஸ்டோர்காரரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.