சோலாருக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

கேள்வி இது: "சேலம் பக்கம் ஆறு வகுப்பறையோடு ஒரு தொடக்கப் பள்ளி கட்டப்போகிறோம். கரண்ட் செலவும் குறைய வேண்டும், சுற்றுச்சூழலுக்கும் கேடு கூடாது. சோலார் போட்டால் போதுமா? ஏற்காட்டில் எங்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. அங்கேயும் இதே பிளானில் கட்டலாமா?"

சோலார் மட்டும் போதாது. ஏற்காட்டுக்கு இதே பிளான் ஆகவே ஆகாது. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் சேலம் சுற்றுவட்டாரத்தில் சில பள்ளி வேலைகளைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இருபதுக்கு இருபது அடி வகுப்பறை என்றால் மேலே 37 சதுர மீட்டர் தளம். கோடை உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. அதாவது ஒரே ஒரு வகுப்பறையின் தலையில் 37 கிலோவாட். அத்தனையும் உள்ளே இறங்காது, சரி. ஆனால் வெறும் சிமென்ட் தளம் அதில் பெரும்பகுதியைக் குடித்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கீழே விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் பிள்ளைகள் சொக்கிப்போவதற்குச் சோறு மட்டும் காரணம் இல்லை. உள்ளே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்புச் சூடே மூன்று அயர்ன் பாக்ஸ் ஓடுகிற அளவுக்கு இருக்கும். இதற்கு நடுவே மேலே சுற்றுகிற ஃபேன் சூட்டைக் குறைக்காது. இருக்கிற சூட்டைக் கலக்கிவிடும், வேர்வையைக் காயவைக்கும், அவ்வளவுதான்.

அதனால் காசு முதலில் போக வேண்டிய இடம் தளத்தின் மேல்பக்கம். நம் ஊரில் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்களே, அது இன்றைக்கும் நல்ல வேலைதான். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள். அதற்கும் பணம் இல்லையா, ஒவ்வொரு மாசியிலும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். புது வெள்ளைப் பரப்பு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். புழுதி படிந்தால் அந்தப் பலன் இறங்கிப்போகும், ஆகவே கழுவ வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறப் படி வைக்காமல் கட்டி முடித்துவிட்டு, "கூல் ரூஃப் வேலை செய்யவில்லை" என்று சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. வெயிலைத் திருப்பி அனுப்பும் இந்தக் கூல் ரூஃபுக்கென்று தெலங்கானாவில் 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு இங்கே ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் தள்ளிப்போய், ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு 12-ம் தேதியும், சின்னப் பிள்ளைகளுக்கு 14-ம் தேதியும் திறந்தது ஞாபகம் இருக்கும்.

அடுத்தது திசை. இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கிற அன்றைக்குத் தவறவிட்டால் பிறகு திருத்தவே முடியாது. நம் ஆட்கள் கட்டடத்தை ரோட்டைப் பார்த்து நிறுத்துவார்கள். ரோடு மேற்கே இருந்தால் ஆறு வகுப்பறையும் மேற்கு வெயிலில் வேகும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். சேலம் 11.65 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் இரண்டடி சன்ஷேட் போட்டால் கடும் வெயில் மாதங்களில் நடுப்பகல் வெயில் ஜன்னலுக்குள் வராது. கிழக்கு மேற்கில் இந்த வித்தை பலிக்காது. சூரியன் தாழ்வாக வரும்போது எவ்வளவு நீள சன்ஷேட்டும் வீண். அந்த இரண்டு முனைகளிலும் மாடிப்படி, ஸ்டோர் ரூம், கழிப்பறை என்று வைத்துவிடுங்கள். மேற்கே புங்க மரம் நடலாம். மாசி பங்குனியில் இலை உதிர்த்தாலும் சித்திரை வெயிலுக்குள் புது இலை தழைத்துவிடும். வாஸ்து பார்ப்பவர் வடக்கு வாசல் கேட்டால் மறுக்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் அவரும் நாமும் ஒரே கட்சி.

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வேண்டும், தளத்தை ஒட்டி வென்டிலேட்டரும் வேண்டும். மேலே தேங்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். வெளிச்சம் அதிகமாக வரும் ஜன்னல் பிள்ளைகளுக்கு இடதுபக்கம் அமைந்தால் வலக்கை நிழல் நோட்டில் விழாது. இவை சரியாக அமைந்தால் பகலில் லைட்டே போட வேண்டியதில்லை.

சுவருக்கு மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. சூளை வைத்துச் சுட வேண்டியதில்லை, வயல் மண்ணும் மிச்சம். கேரளத்தில் சிக்கனக் கட்டடங்கள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ரேட் ட்ராப் கட்டு முறையில், அதாவது கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் காற்றிடம் விட்டுக் கட்டினால், கல் கால் பங்கு வரை குறையும், சுவரும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் இதில் பழகிய கொத்தனார் வேண்டும். இல்லாவிட்டால் மாதிரிச் சுவர் ஒன்று கட்டிப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. இயற்கைக் கட்டடம் என்று கேட்டவுடன் கீற்றுக் கொட்டகை போடலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிகளிலிருந்து கீற்றை எடுத்தது முழுக்கச் சரி. ஆனால் பல இடங்களில் அதற்குப் பதிலாக வந்தது தகரமும் ஆஸ்பெஸ்டாஸும். குளுமை போனதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஷீட் போட்டே ஆக வேண்டுமானால் அடியில் தீப்பிடிக்காத ஃபால்ஸ் சீலிங் வையுங்கள். எந்தக் கூரையானாலும் ஒவ்வொரு வகுப்புக்கும் வெளியே திறக்கும் கதவு இரண்டு இருக்கட்டும்.

இப்போது சோலாருக்கு வருவோம். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். அறைக்கு நாலு என்று 24 ஃபேன், நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள் என்று கணக்குப் போடுங்கள். மிச்சமாவது 1,400 யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் சோலார் ஓர் ஆண்டில் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃபேனை மாற்றிவிட்டால் பேனலில் ஒரு கிலோவாட் குறைத்துவிடலாம். தளம், திசை, ஃபேன் மூன்றும் சரியாக இருந்தால் உங்கள் அளவுப் பள்ளிக்கு இரண்டு மூன்று கிலோவாட்டே தாராளம். பேனலை ஸ்டாண்டில் உயர்த்தி வைத்தால் தளத்துக்கு நிழலும் ஆயிற்று. அடியில் ஆள் புகுந்து கழுவ இடம் விடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-லிருந்தே கட்டாயம். 3,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக இரண்டு லட்சம் லிட்டராவது தேறும். சம்ப்பும் சல்லடையும் பிளானிலேயே இடம்பெறட்டும்.

ஏற்காடு வேறு ஊர், வேறு வானிலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பதால் மேலே எட்டு டிகிரி குளிர்ச்சி. கீழே நாம் துரத்துகிற வெயிலை அங்கே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். மார்கழியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னலைப் பெரிதாக, கண்ணாடி போட்டு வைத்தால் வெயில் வகுப்புக்குள் நன்றாக வரும். சேலத்தில் அழகாக வேலை செய்யும் ஜாலிச் சுவரை, அதாவது காற்றுக்குத் துளைகள் விட்டுக் கட்டும் சுவரை, அங்கே கட்டினால் மூடுபனி உள்ளே வந்து நோட்டுப் புத்தகம் நமுத்துப்போகும். மேலே பகை சூடல்ல, ஈரம். சரிவான கூரை, நீண்ட தாழ்வாரம், அடித்தளத்தில் ஈரம் ஏறாத தடுப்பு, மேட்டிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடும் வடிகால் ஆகியவற்றில் எதையும் விடக்கூடாது. இடத்தைச் சமமாக்க ஜேசிபி விட்டு மலையை வெட்டாதீர்கள். சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே வகுப்புகளைப் படிப்படியாக இறக்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒவ்வொரு லோடு கல்லுக்கும் டீசலும் கூலியும் கூடுதல் என்பதால், வெட்டு வேலை குறைவதும் லாபம்தான். மூடுபனியில் சோலார் குறைவாகத்தான் தரும். வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள், அங்கே குரங்குகள் உண்டு.

கடைசியாக ஒப்பந்தம். பணம் முடை வரும்போது முதலில் வெட்டுப்படுவது தளத்தின் மேல் வேலைதான், ஏனென்றால் திறப்பு விழாவுக்கு வருகிற யாருக்கும் அது தெரியாது. தளம் இறுகி, தண்ணீர் கட்டி முடிந்த கையோடு அதைச் செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முகப்பு வளைவும் தரை கிரானைட்டும் அதற்குப் பிறகு, மிச்சப் பணத்தில்.