வெருகல் வெள்ளமும் ஒரு முதுமாணிப் படிப்பும்

அன்புள்ள அக்கா,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்து, இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டித்வா புயலுக்குப் பிறகு மூதூர், வெருகல் பக்கம் நிவாரண வேலைக்குப் போனேன். அதிலிருந்து காலநிலை நெருக்கடி, நிலைபேறு பற்றிய முதுமாணிப் படிப்பு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் இடமும் தந்துவிட்டது. புலமைப்பரிசில் இல்லை. காணி உறுதியை வைத்துக் கடன் எடுக்கலாம் என்கிறார் அப்பா. அம்மாவோ, "இதைப் படிச்சு என்ன வேலை பார்க்கப் போறாய்? உலகத்தைச் சூடாக்கினது நாங்களா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா அக்கா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

படியுங்கள். ஆனால் காணி உறுதியை ஈடு வைத்துப் போகாதீர்கள். இந்த வருடம் கிடைத்த இடத்தை விட்டால் அடுத்த வருடம் இன்னொன்று கிடைக்கும். வீட்டுக் காணி அப்படியல்ல. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, பவுணில் கட்டணம் கட்டுவதென்றால் என்னவென்று உங்கள் அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கடனோடு படித்தால் ஊருக்குத் திரும்புவதும் கஷ்டம். கடன் அடைக்க எந்த வேலை கிடைத்தாலும் அதில் நிற்க வேண்டிவரும். வெருகலைப் பார்த்துவிட்டுத்தானே படிக்க ஆசைப்பட்டீர்கள்? வெருகலுக்குத் திரும்பி வரக்கூடிய வழியில் படியுங்கள்.

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. இலங்கையில் ஒருவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டுத்தான் கணக்கு வருகிறது. உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். பெரும் பங்கு வேறு நாடுகளுடையது, வெள்ளம் எங்களுடையது. இந்த அநியாயத்தைத்தான் ஏழை நாடுகள் பல வருடமாக மாநாடுகளில் பேசி, 2022இல் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக்கில் இழப்பு, சேதங்களுக்கான நிதியம் ஒன்றுக்கு இணக்கம் வாங்கின. 2023இல் டுபாயில் அது செயல்வடிவம் பெற்றது.

சரி, நிதியம் வந்துவிட்டது. இனி யார் போய்க் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது? டித்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 28இல் கரை தொட்ட அந்தப் புயலில் நாடு முழுக்க 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காற்று ஒரு பாகை சூடாகும்போது ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம்தான் மழையாகக் கொட்டுகிறது. அன்று பெய்த மழையில் எவ்வளவு இப்படி வந்தது? சேதத்தில் எவ்வளவு, பராமரிக்காத அணைக்கட்டாலும், தண்ணீர் ஓடும் வழியில் எழும்பிய கட்டடங்களாலும், தமிழில் நேரத்துக்கு வந்து சேராத எச்சரிக்கையாலும் வந்தது? முதல் கேள்விக்கு விடை காண ஒரு தனி விஞ்ஞானமே இருக்கிறது. வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வாளர் குழு 2014இல் இருந்து அதைச் செய்துவருகிறது: இன்றைய உலகத்தையும், சூடாகாமல் இருந்திருக்கக்கூடிய உலகத்தையும் கணினி மாதிரிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே மழை எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை ஊருக்குள்தான் கிடைக்கும். அந்தக் கிராமத்து வீதியில் நடந்த ஒருவர், அங்கே பேசப்படும் மொழியில் கேட்டு எழுதினால்தான் உண்டு.

நல்ல மனம் மட்டும் காணாது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். இதை விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெல்லாம், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நட்டார்கள். பணம் வந்தது, பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள், படமும் எடுத்தார்கள். ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு சிலரோடு சேர்ந்து 23 நடுகை இடங்களைப் போய்ப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் உருப்படியாக வளர்ந்தது 200 ஹெக்டேயர் சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன்? கண்டலுக்குக் கணக்கான நேரம் நீரில் நிற்கவும் வேண்டும், கணக்கான நேரம் வெளியில் இருக்கவும் வேண்டும். மட்டம் கொஞ்சம் தாழ்ந்தால் கன்று மூழ்கிச் சாகும். உயர்ந்தால் உப்பேறிக் காயும். அதை யாரும் அளக்கவில்லை. சேற்றில் குத்திவிட வசதியாக நீட்டு நீட்டாக நாற்றுக் கிடைக்கும் இனத்தையே பெரும்பாலும் நட்டார்கள். நட்ட பிறகு மாடு மிதித்ததா, பாசி மூடியதா என்று பார்க்க ஆள் இல்லை. நட்ட எண்ணிக்கை அறிக்கைக்குப் போதுமாக இருந்தது. எனக்கு இதை வாசித்தபோது கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பும் ஆசையும் அப்படியே சேற்றில் போயிற்று. பின்னர் உப்பும் அலைமட்டமும் பார்த்து, ஊர் மக்களைச் சேர்த்துச் செய்யத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை உலகத்துக்கு முன்மாதிரியான திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. நல்ல முதுமாணிப் படிப்பு அலைமட்டத்தை அளக்கச் சொல்லித்தரும். படம் எடுப்பதற்கு அது தேவையில்லை.

இன்னொன்று, மூதூர் பக்கத்துச் சம்பூர். 2006இல் போர் அந்த மக்களைக் கிளப்பியது. அதே வருடம் வயலுக்குப் போகும் தண்ணீரை மறித்ததில் மாவிலாற்று மதகில் தொடங்கிய சண்டையை நான் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் தண்ணீரை வெறும் தண்ணீராகப் படிக்க முடியாது. சனம் போன நிலத்தில் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்து, 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குப் பணி தொடங்கிவைக்கப்பட்டது. கரி போனதை மனதார வரவேற்கிறேன். கொட்டியாரக் குடாவுக்குச் சுடுநீரும் சாம்பலும் வராமல் போனது பெரிய விஷயம். ஆனால் காணி யாருடையது, மாடு எங்கே மேயும், அந்த மின்சாரத்தால் ஊருக்கு என்ன வரும் என்ற கேள்விகள், எரிபொருள் மாறியதால் தீர்ந்துவிடவில்லை. நீங்கள் சேரும் படிப்பில் இப்படிப்பட்ட கேள்விக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது பாதிப் படிப்புத்தான்.

எந்தப் படிப்பு என்று கேட்டால், பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். 'நிலைபேறு' என்ற பெயரில் ஓரிடத்தில் நீரியல் படிப்பிப்பார்கள், இன்னோரிடத்தில் கம்பனிகளுக்கு அறிக்கை எழுதப் பழக்குவார்கள். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு தன் வேலையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: பௌதிக விஞ்ஞானம், பாதிப்பும் அதற்கு இசைவாகுதலும், பச்சைவீட்டு வாயு வெளியீட்டைக் குறைத்தல். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் இடம் இரண்டாவதில். அங்கே நிற்கக் கைவசம் ஒரு திறன் வேண்டும். நீரியலும், தரவுகளை வரைபடத்தில் வைத்து ஆராயும் புவியியல் தகவல் முறைமையும் உங்கள் விஞ்ஞானப் பட்டத்துக்குப் பொருந்தும். ஆய்வேட்டுக்கான களவேலையைத் திருகோணமலையில் செய்ய விடுவார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.

பேராதனையையும் சின்னதாக எண்ண வேண்டாம். அங்கே விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் தனித்தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் மகாவலிதான் கீழே வந்து, ஒரு கிளை வெருகலாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. மலைநாட்டு மழை எத்தனை மணித்தியாலத்தில் உங்கள் பக்கம் வெள்ளமாக வரும் என்பதைப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. வெளியேதான் போக வேண்டும் என்றால் பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டாட் (DAAD), ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ், பிரித்தானிய அரசின் செவனிங் எல்லாவற்றுக்கும் போடுங்கள். எராஸ்மஸில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம், மாதச் செலவுக்கும் பணம் வரும். செவனிங் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், உங்களிடம் இருக்கிறது. முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. உங்களுக்கு அது ஒரு சுமையே இல்லை.

அம்மாவின் முதல் கேள்வி, வேலை. அரச வெற்றிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பசுமைக் காலநிலை நிதியத்தின் பணத்தில் யான் ஓயா உட்பட்ட ஆற்று வடிநிலங்களில் குளங்களைத் திருத்தும் திட்டம் நடந்ததே, அப்படி ஒரு திட்டத்துக்கு நீரியலாளர், வரைபடம் போடுபவர், விவசாயிகளோடு தமிழில் பேசுபவர் எல்லாரும் வேண்டும். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் அவரைத் தேடிப்பிடிப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. நிவாரணத்துக்குப் போனபோது எழுதிய குறிப்புகளைத் திகதியோடு ஒழுங்குபடுத்துங்கள். எந்த வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எந்த மட்டத்தில் நின்றது, யார் சொல்லி வெளியேறினார்கள் என்று மறுபடி போய்க் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை வெள்ளையடிக்க முன் அளந்து படம் எடுங்கள். அதிலிருந்து ஒரேயொரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். செவனிங் வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும். ஜூலைக்குள் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினால், வாசித்துத் திருத்தம் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா