ஏழு வயது மகளிடம் சொல்வது

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. ஆற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து தேறியிருந்தேன். இப்போது அது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. முழுவதும் குணமாகாது, மாத்திரையாலும் மாதந்தோறும் வேலூருக்கு வந்து போட்டுக்கொள்ளும் ஊசியாலும் கட்டுக்குள் வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. அம்மாவுக்கு முதுகுவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பதினெட்டு வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளிலும் மகள் பிரித்துப் படிப்பதற்குக் கடிதங்கள் எழுதி வைக்க விரும்புகிறேன். எப்படி எழுதுவது? மாத்திரையை விட்டு நாட்டு மருந்துக்கு வரும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மன உறுதி இருந்தால் குணமாகும் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லையோ என்று இரவுகளில் தோன்றுகிறது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையைக் கடைசிக் காலத்துக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் எங்கள் தெருவில் ஓர் இளம் தகப்பன் புற்றுநோயில் இறந்தார். அவருடைய மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அத்தை வீட்டுக்கு அழைத்துப்போய், எல்லாம் முடிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பையனின் முகம் மனத்தை விட்டு அகலாமல் இருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

நாட்டு மருந்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். மன உறுதி குறைந்ததால் எவருக்கும் எலும்பில் புற்றுநோய் பரவுவதில்லை. படுத்திருப்பவளிடம் இதைச் சொல்கிறவர்கள் தங்கள் அச்சத்தை உங்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

மார்ஃபின் விஷயத்தில் உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். வலியைத் தாங்குவது தாய்மையின் இலக்கணம் என்று உங்களுக்கு யார் கற்பித்தார்கள்? இன்று எடுத்துக்கொண்டால் பின்னால் வேலை செய்யாது என்பது தவறு. வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். வலிக்காக, அவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்வது போதைப் பழக்கமும் ஆகாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்த மருந்தை மருத்துவமனைகளே வாங்கிவைக்கத் தயங்கும் பொருளாக்கியது; 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் துடித்துச் செத்தார்கள். உங்களுக்குக் கையில் கிடைத்திருக்கிறது, அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். வலி தணிப்புச் சிகிச்சை கடைசி வாரங்களுக்கு உரியதும் அன்று. பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், அச்சிகிச்சையைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். மற்றவர்களைவிட இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். வலி குறைந்தால் உங்கள் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சோறு ஊட்டலாம்.

இனி உங்கள் மகள். எனக்கு எட்டு வயதில் என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். வேலூருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று என்னிடம் சொன்னார்கள். அவர் இறந்த பிறகும், அடுத்த பொங்கல் வரைக்கும், அதையே சொன்னார்கள். நான் நம்பவில்லை, நம்பியதுபோல் இருந்தேன், ஏனென்றால் பெரியவர்கள் எல்லாரும் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்கள், கேட்டால் அழுதுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா படுத்திருந்த நாட்களில் நான் சைக்கிள் கேட்டு அடம்பிடித்துக் கத்தியிருந்தேன். அதனால்தான் அவருக்கு வயிற்றுவலி வந்தது என்று நினைத்தேன். அதை எங்கள் ஆயாவிடம்கூடச் சொல்லாமல், மீசை முளைக்கும் வயது வரை வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டார் கெட்டவர்கள் அல்லர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு சிறுவனைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

இது என் ஒருவன் கதையன்று. வீட்டில் நேரும் கேட்டுக்குத் தான் செய்த குறும்பே காரணம் என்று சின்னக் குழந்தைகள் எண்ணிக்கொள்வதைக் குழந்தை உளவியல் படித்த எவரும் சொல்வார்கள். மூன்று வயதுக்காரனுக்குச் சாவு என்றால் ஊருக்குப் போய்த் திரும்புவது. ஏழு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்பார், எல்லாரும் ஒரு நாள் இறப்பார்கள் என்பது விளங்கத் தொடங்கிவிடுகிறது. முதுகுவலிக்காக யாரும் மாதந்தோறும் வேலூருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று உங்கள் மகள் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பாள். உங்களிடம் அவள் கேட்காமல் இருந்தால், கேட்கக் கூடாது என்று உங்கள் வீடு அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று பொருள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவர ஆளில்லாமல் கூடவே அழைத்துவந்து, லாட்ஜ் அறையில் அடுப்பு வைத்துச் சமைத்து, மாதக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி சாலையில் ஒரு லாட்ஜின் படிக்கட்டில் பத்து வயதுகூட இராத ஒரு சிறுமி, தன் தாயின் மாத்திரைகளில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தகப்பனுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால் உடைந்துபோயிருக்கவில்லை, அவளுக்கு அந்தக் குடும்பத்தில் ஓர் இடம் இருந்தது. அரை மணிப் பயணத் தொலைவில் இருக்கும் நாமோ பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பொய்யைக் காவல் வைக்கிறோம்.

ஆகவே சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். வெளியார் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாது. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை, கட்டிப்பிடித்தால் ஒட்டிக்கொள்ளாது, என்ன நடந்தாலும் அவளுக்குத் தலை பின்னிவிடவும் பள்ளிக்குக் கூட்டிப்போகவும் ஆள் இருப்பார்கள் என்று, அவர்கள் யார் யார் என்ற பெயரோடு சொல்லுங்கள். அம்மா செத்துப்போவாயா என்று கேட்டால், இந்த நோய் போகாது, ஒரு நாள் இதனால் செத்துப்போவேன், ஆனால் இப்போது மருந்து வேலை செய்கிறது, மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். மகன் அதே கேள்வியை நூறு முறை கேட்பான். நூறு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

கடிதங்களை எழுதுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் பதினெட்டு வயதில் வரப்போகும் ஒரு பெண்ணோடு பேசுவதற்காக, அடுத்த அறையில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பவளிடம் பேசாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. முதல் கடிதம் இந்த வாரமே அவள் படிக்கும்படியாக இருக்கட்டும்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியவர் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பின்னாளில் அந்த இரண்டு பிள்ளைகளின் கேள்விகளுக்கும் பதில் சொல்லப்போகிறவர் அவர். மகளிடம் பேசும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அடுத்த முறை வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப்போங்கள்.