பதில்: பீட்டா 2 ஏற்றியபின் போஸ்ட்கிரெஸ் எழவில்லை

வணக்கம். கோத்தகிரி சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை எடைக் கணக்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 17ஆம் பதிப்பின் பீட்டா 1இல் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) இருந்தது, பீட்டா 2 ஏற்றியதும் "தரவுக் கோப்புகள் சர்வருடன் பொருந்தவில்லை" என்று நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து தரவுக் கோப்புறையை அழித்துவிடாதீர்கள்! கோப்பு கெட்டுவிட்டது என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. ஒரு பீட்டாவிலிருந்து அடுத்ததற்குள் உள் அட்டவணைகளின் அமைப்பு மாறலாம்; மாறினால் புதிய சர்வர் பழைய கோப்புகளைத் தொட மறுக்கும்.

முதலில் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். பீட்டா 1ஐத் தனி இடத்தில் மீண்டும் நிறுவி, அந்த நகலை அதில் இயக்குங்கள். பீட்டா 2 இனி வேண்டாம். 17இன் நிலையான பதிப்பு 2024 செப்டம்பர் 26 அன்றே வந்துவிட்டது. அதனுடன் வரும் பிஜி_டம்ப்ஆல் (எல்லாத் தரவையும் ஒரு கோப்பாக எழுதும் கருவி) கொண்டு பீட்டா 1இலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, இனிட்டிபி (புதிய தரவுக் கோப்புறையை அமைக்கும் கருவி) மூலம் நிலையான பதிப்பில் உருவாக்கிய புதிய கோப்புறையில் ஏற்றுங்கள். பழைய சர்வரும் புதிய சர்வரும் ஒரே போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) ஓடக் கூடாது.

விவசாயியின் கூலி தங்கியிருக்கும் கணக்கைப் பீட்டாவில் வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். குன்னூரில் நான் நகலை வைத்துச் சோதிக்கிறேன். மழைக்கால மின்வெட்டுக்குப் பின் சர்வர் மீண்டு எழுகிறதா என்று பார்ப்பது எவ்வளவு பயனுள்ள சோதனை!

மறுபடி நின்றால், சர்வரின் பதிவுக் கோப்பின் (லாக்) கடைசி இருபது வரிகளை அப்படியே இங்கே இடுங்கள், பார்க்கிறேன்.