அலங்காரம் கடைசியில் வரட்டும்: சி.எஸ்.எஸ். கேள்வி – பதில்

இணையப் பக்க வடிவமைப்பு குறித்து வந்திருந்த கேள்விகளில், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் அடிப்படையைத் தாண்டியவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டிலும் அடிப்படையைப் படித்து முடித்துவிட்டேன். நிறம், எழுத்துரு, பார்டர், நிழல் எல்லாம் போடத் தெரியும். இருந்தும் நான் உருவாக்கும் பக்கம் கல்லூரி புராஜெக்ட் போலவே இருக்கிறது. உயர்நிலை நுட்பங்களில் எதை முதலில் கற்பது?
*– கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி*

பெரும்பாலும் இத்தகைய பக்கங்களில் குறைவது ஒழுங்குதான். ஒரு தலைப்புக்குக் கீழே 13 பிக்சல் இடைவெளி, அடுத்த தலைப்புக்குக் கீழே 20, ஒரு பொத்தானின் மூலையில் 4 பிக்சல் வளைவு, இன்னொன்றில் 10 என்று அவ்வப்போது தோன்றிய எண்களைப் போட்டுக்கொண்டே போனால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். ஆகவே கஸ்டம் பிராப்பர்ட்டி எனப்படும் மாறிகளிலிருந்து தொடங்குங்கள். இடைவெளிக்கு 4, 8, 16, 24, 40 பிக்சல் என ஐந்தே அளவுகள், மூலை வளைவுக்கு இரண்டு, எழுத்தளவுக்கு ஐந்து அல்லது ஆறு என்று தோற்ற விதிகள் அடங்கிய கோப்பான ஸ்டைல் ஷீட்டின் தொடக்கத்தில், ரூட் (:root) செலக்டருக்குள் (செலக்டர் என்பது ஒரு விதி எந்த உறுப்புக்கு என்று சுட்டும் பகுதி) அறிவித்துவிட்டு, அதன் பிறகு வேறு எந்த எண்ணையும் எழுதுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பக்கத்தின் தோற்றம் பாதி திருந்திவிடும்.

சி.எஸ்.எஸ். கோப்பைத் தொகுத்துத் தரும் சாஸ் போன்ற கருவிகளில் உள்ள மாறிகளுக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சாஸ் மாறியின் மதிப்பு, கோப்பைத் தொகுக்கும்போதே நிலைத்துவிடுகிறது. கஸ்டம் பிராப்பர்ட்டியோ உலாவிக்குள் உயிரோடு இருக்கிறது. தாய் உறுப்பிலிருந்து சேய் உறுப்புக்கு மரபாக இறங்குகிறது. பயனர் இருண்ட தோற்றத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் நிற மாறிகளின் மதிப்பை மட்டும் ஒரு மீடியா குவெரிக்குள் (திரை அகலம், பயனர் விருப்பம் போன்ற நிபந்தனை பொருந்தினால் மட்டும் இயங்கும் விதித் தொகுதி) மாற்றி அறிவித்தால் போதும், மற்ற விதிகள் எதையும் தொட வேண்டியதில்லை.

நிறங்களுக்கு, சாயல், செறிவு, ஒளிர்வு ஆகியவற்றால் நிறத்தைக் குறிக்கும் எச்.எஸ்.எல். முறையைப் பயன்படுத்துபவராக இருந்தால் ஓ.கே.எல்.சி.எச். முறைக்கு மாறுங்கள், 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது இயங்குகிறது. எச்.எஸ்.எல். கணக்கில் தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் ஒளிர்வு 50 விழுக்காடுதான்; ஆனால் கண்ணுக்கு மஞ்சள் பளீரென்றும் நீலம் இருண்டும் தெரிகிறது. ஓ.கே.எல்.சி.எச். முறை கண் உணரும் ஒளிர்வையே அளவாகக் கொள்வதால், ஒரே ஒளிர்வு எண்ணைக் கொடுத்துச் சாயலை மட்டும் மாற்றினால் ஒன்றோடொன்று இசையும் நிறங்கள் கிடைக்கின்றன. இன்னொன்று: வெள்ளைப் பின்னணியில் மங்கிய சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம், ஆனால் வெயிலில் கைபேசியைப் பார்ப்பவரால் படிக்க முடியாது. அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1 என்ற மாறுபாட்டு விகிதத்தைக் கேட்கின்றன. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கிரிட், ஃபிளெக்ஸ்பாக்ஸ் இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் ஒவ்வொரு திரை அளவுக்கும் தனித்தனியாக மீடியா குவெரி எழுதி எழுதிக் கோப்பு நீண்டுகொண்டே போகிறது. இதைக் குறைக்க வழி உண்டா?
*– தனித்தொழில் வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்*

உண்டு. இந்தக் கேள்விக்கு சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.எஸ்.எஸ். உயர்நிலைப் பயிற்சியின் மையமே இங்குதான் இருக்கிறது.

1990களில் பக்கத்தைப் பத்தி பிரிக்க அட்டவணைகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக ஏற்பட்ட ஃபுளோட் பண்பை வளைத்துப் பத்திகள் அமைத்தார்கள். கிரிட் 2017 மார்ச் மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் அடுத்தடுத்து வந்த பிறகுதான், பக்க அமைப்புக்கென்றே உருவான இருபரிமாண முறை ஒன்று நம் கைக்கு வந்தது. ஆனால் பலர் கிரிட்டையும் பழைய மனநிலையிலேயே கையாள்கிறார்கள்: இந்த அகலத்தில் மூன்று பத்தி, அந்த அகலத்தில் இரண்டு பத்தி என்று ஒவ்வொன்றாகக் கட்டளையிடுகிறார்கள். பத்தி எத்தனை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், ஒரு பத்தி எவ்வளவுக்குக் குறுகலாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு எண்ணிக்கையை உலாவியிடம் விட்டுவிடுங்கள்.

பொருள்களின் படங்களை அட்டை அட்டையாக அடுக்கும் ஒரு கடைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ் பண்பில் ரிபீட் சார்பைப் போட்டு, அதற்குள் ஆட்டோ-ஃபில் என்றும், மின்மேக்ஸ் சார்பில் குறைந்த அளவாக 16 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த அலகு), அதிக அளவாக 1 எஃப்.ஆர். (மீதமுள்ள இடத்தில் ஒரு பங்கு) என்றும் எழுதினால், கைபேசியில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டையும் அகன்ற திரையில் நான்கோ ஐந்தோ அட்டைகளும் தாமாகவே அமையும். ஒரு மீடியா குவெரிகூடத் தேவைப்படாது. மிகச் சிறிய திரையில் 16 ரெம் அளவே அகலத்தை மீறிவிடலாம் என்பதால், அந்த இடத்தில் மின் சார்பைப் போட்டு, 100 விழுக்காடு, 16 ரெம் இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. ஆட்டோ-ஃபில் என்பதற்குப் பதில் ஆட்டோ-ஃபிட் என்று எழுதினால் காலிப் பத்திகள் சுருங்கி, இருக்கும் அட்டைகள் விரிந்துகொள்ளும். தேடல் முடிவில் ஒரே ஒரு பொருள் வந்தால் அந்த அட்டை திரை முழுவதும் பரந்து விகாரமாகத் தெரியும் என்பதால், கடைப் பக்கங்களுக்கு நான் ஆட்டோ-ஃபில்லையே பரிந்துரைப்பேன்.

ஓர் அட்டையின் பெயர் இரண்டு வரியும் பக்கத்து அட்டையின் பெயர் ஒரு வரியுமாக இருந்தால் விலையும் பொத்தானும் ஏறுமாறாக நிற்கும். இதற்கு உயரத்தைப் பிக்சலில் நிர்ணயிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சப்கிரிட், அட்டையின் உள்ளே உள்ள வரிசைகளை வெளிக் கிரிட்டோடு இணைத்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2019-லேயே வந்துவிட்டது என்றாலும் குரோம் 2023 செப்டம்பரில்தான் அதை ஏற்றது. அதற்குப் பிறகு தயங்கக் காரணமில்லை.

அடுத்தது கன்டெய்னர் குவெரி. மீடியா குவெரி திரையின் அகலத்தைக் கேட்கிறது. ஆனால் ஒரே அட்டை பக்கத்தின் நடுவில் அகலமான இடத்திலும், ஓரப் பத்தியில் குறுகிய இடத்திலும் வரும்போது திரையின் அகலத்தை அறிந்து என்ன பயன்? அட்டை அமர்ந்திருக்கும் பெட்டிக்கு கன்டெய்னர்-டைப் பண்பில் இன்லைன்-சைஸ் என்று கொடுத்துவிட்டால், அந்தப் பெட்டியின் அகலத்தைக் கேட்டு அட்டை தன் வடிவை மாற்றிக்கொள்ளும். 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸும் இதைச் சேர்த்துக்கொண்டதோடு முக்கிய உலாவிகள் அனைத்திலும் இது நிறைவடைந்தது. எழுத்தளவுக்கு, குறைந்தது, நடு, அதிகம் என மூன்று மதிப்புகளை ஏற்கும் கிளாம்ப் சார்பைப் பயன்படுத்துங்கள். ஆனால் நடு மதிப்பில், திரை அகலத்தின் நூறில் ஒரு பங்கான வி.டபிள்யூ. அலகை மட்டும் தனியாக எழுதினால், பயனர் பக்கத்தைப் பெரிதாக்கும்போது எழுத்து பெரிதாகாமல் அடம்பிடிக்கும். ஒரு ரெம் அளவையும் அதோடு கூட்டியே எழுத வேண்டும்.

ஃபிளெக்ஸ்பாக்ஸ்? ஒரே வரிசையில் நிற்கும் மெனு, பொத்தான்கள், படமும் பெயரும் சேர்ந்த சிறு பட்டை ஆகியவற்றுக்கு அது போதும். அதில் ஒரு நீண்ட சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ வந்தவுடன் பெட்டி வெளியே தள்ளிக்கொண்டு போனால், அந்த உறுப்புக்கு மின்-விட்த் பண்பைச் சுழியமாக்குங்கள். ஃபிளெக்ஸ் உறுப்புகள் தம் உள்ளடக்கத்தைவிடச் சிறிதாகச் சுருங்க மறுப்பது அவற்றின் இயல்புநிலை.

அலுவலகத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பழைய ஸ்டைல் ஷீட்டில் எங்கு பார்த்தாலும், ஒரு விதியை மற்ற விதிகளை மீறச் செய்யும் இம்பார்ட்டன்ட் குறி. ஒன்றை மாற்ற நானும் இன்னொரு இம்பார்ட்டன்ட் போட வேண்டியிருக்கிறது. மீள்வது எப்படி?
*– மென்பொருள் பணியாளர், சென்னை*

1994 அக்டோபரில் ஹோகோன் வியூம் லீ, செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது சி.எஸ்.எஸ். மொழியின் முதல் வரைவை முன்வைத்தார். பக்கத்தை எழுதியவர், படிப்பவர், உலாவி ஆகிய மூன்று தரப்பின் விருப்பங்களையும் முறைப்படி சமரசம் செய்வது அதன் அடிப்படைக் கருத்து. இம்பார்ட்டன்ட் என்பது அந்தச் சமரசத்தில் கடைசி ஆயுதம். அதை அன்றாடக் கருவியாக்கியதுதான் உங்கள் கோப்பின் நோய்.

ஒரே ஓர் உறுப்பைக் குறிக்கும் ஐ.டி. செலக்டரை, பல உறுப்புகளுக்குப் பொதுவான கிளாஸ் செலக்டர்கள் எத்தனை சேர்ந்தாலும் வெல்ல முடியாது என்பதால்தான் முதல் இம்பார்ட்டன்ட் பிறக்கிறது. 2022-இல் வந்த கேஸ்கேட் லேயர் இந்தப் பலப் போட்டியையே தவிர்க்கிறது: பழைய கோப்பு முழுவதையும் ஓர் அடுக்குக்குள் போட்டு, உங்கள் புதிய விதிகளைப் பின்னால் அறிவித்த அடுக்கில் எழுதினால், செலக்டரின் பலம் எதுவாயினும் புதியதே வெல்லும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இம்பார்ட்டன்ட் இட்ட விதிகளுக்கு அடுக்கின் வரிசை தலைகீழாகிவிடும். முன்னால் அறிவித்த அடுக்கின் இம்பார்ட்டன்ட்தான் வலிமையானது. ஆகையால் பழைய கோப்பை அடுக்குக்குள் வைத்துவிட்டால் மட்டும் போதாது, அதிலுள்ள இம்பார்ட்டன்ட்களைப் பகுதி பகுதியாக நீக்கிக்கொண்டே வர வேண்டும். புதிதாக எழுதும் பொது விதிகளை :where செலக்டருக்குள் எழுதுங்கள். அதன் பலம் சுழியம் என்பதால் பின்னால் வருபவர் எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.

பூட்ஸ்ட்ராப் அல்லது டெய்ல்விண்ட் போன்ற தயார்நிலை சி.எஸ்.எஸ். தொகுப்பு தெரிந்தால் போதாதா?
*– டிப்ளமோ மாணவர், சேலம்*

வேலைக்குச் சேரப் போதும். ஆனால் டெய்ல்விண்டின் கிளாஸ்கள் பெரும்பாலும் சி.எஸ்.எஸ். பண்புகளின் சுருக்கெழுத்துதான், பண்பு தெரியாதவருக்குச் சுருக்கெழுத்து எப்படிப் புரியும்?

பக்கத்தில் அசைவுகள் சேர்த்தால் விலை குறைந்த கைபேசிகளில் திக்கித் திணறுகிறது.
*– வாசகர், மதுரை*

விட்த், ஹைட், டாப், லெஃப்ட் ஆகியவற்றை அசைத்தால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் உலாவி பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டை மட்டும் அசையுங்கள். இவற்றை அந்தக் கணக்கீடு இல்லாமலே வரைகலைச் செயலியிடம் ஒப்படைத்துவிட முடியும். வில்-சேஞ்ச் பண்பை எல்லா உறுப்புக்கும் போட்டால் நினைவகம் தீர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். அசைவு சிலருக்குத் தலைசுற்றலை ஏற்படுத்தும் என்பதால், ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற மீடியா குவெரியில் அவற்றை நிறுத்திவிடுங்கள். பொத்தானின் அசைவுக்கு 200 மில்லிவினாடி தாராளம்.

எங்கள் சிற்றிதழுக்கு இணையப் பக்கம் அமைத்திருக்கிறோம். ஆங்கில வார்ப்புருவில் தமிழை இட்டதும் வரிகள் நெருக்கமாகிவிட்டன. சில எழுத்துகளின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. அச்சில் வரும் அழகு வரவில்லை.
*– இதழாசிரியர், தஞ்சாவூர்*

வார்ப்புருவை உருவாக்கியவர் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து அளந்திருப்பார். தமிழில் கீ, ணி போன்ற எழுத்துகள் மேலேயும், கு, மூ போன்றவை கீழேயும் நீள்கின்றன. லைன்-ஹைட் பண்பை 1.7 அளவுக்கு உயர்த்துங்கள். அதை அலகில்லாத எண்ணாகவே கொடுங்கள். பிக்சலில் கொடுத்தால் அந்த அளவே தலைப்புகளுக்கும் இறங்கி, பெரிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தலையும் காலும் வெட்டுப்படுவது, பெரும்பாலும் தலைப்புப் பெட்டிக்கு நிலையான உயரமும் ஓவர்ஃபுளோ-ஹிட்டனும் கொடுத்திருப்பதால் நேர்வது, உயரத்தை எடுத்துவிடுங்கள்.

ஆங்கில வார்ப்புருக்கள் தலைப்புகளில் லெட்டர்-ஸ்பேசிங் பண்பைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கும். அதைச் சுழியமாக்குங்கள், கொம்பும் காலும் தம் மெய்யெழுத்தைவிட்டு விலகியதுபோல் தோன்றுவது தமிழில் மிகவும் உறுத்தும். சாய்வெழுத்தையும் தவிர்க்கலாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியே வரைந்த சாய்வு வடிவம் கிடையாது; உலாவி நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது. ஃபான்ட்-சிந்தசிஸ் பண்பில் அதைத் தடுத்துவிட்டு, அழுத்தம் தர வேண்டிய இடங்களில் தடிமனை மாற்றுங்கள். முக்தா மலர், கட்டமரான் போன்ற இலவச எழுத்துருக்கள் பல தடிமன்களில் கிடைக்கின்றன.

தமிழுக்கு ஓர் எழுத்துரு, ஆங்கிலச் சொற்களுக்கு வேறொன்று வேண்டுமென்றால், ஃபான்ட்-ஃபேஸ் விதியில் யூனிகோட்-ரேஞ்ச் என்ற குறிப்பைச் சேர்த்து, தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கப்பட்ட 128 இடங்களுக்கு மட்டும் தமிழ் எழுத்துருவை ஒதுக்குங்கள். அந்த எழுத்துகள் இல்லாத பக்கத்தில் கோப்பு பதிவிறங்காது.

அச்சுப் பழக்கத்தில் இரு ஓரங்களையும் சமன் செய்ய விரும்புவீர்கள். கைபேசியின் குறுகிய பத்தியில், சொற்கள் நீண்ட நம் மொழியில், அது சொற்களுக்கிடையே பெரும் வெற்றிடங்களை உண்டாக்கும். இடப்பக்கம் மட்டும் சீராக இருப்பதே போதும். பெட்டியைவிட்டு வெளியேறும் சொற்களுக்கு ஓவர்ஃபுளோ-ராப் பண்பில் எனிவேர் என்ற மதிப்பு உதவும், என்றாலும் அது பொருள் பார்த்துப் பிரிப்பதில்லை. முகப்புத் தலைப்பில் வரும் நீண்ட தொகைச்சொல்லுக்குள், பிரிய வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மென் இணைப்புக்குறியை நீங்களே இட்டுவிடுவது மேல். தலைப்பின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தனித்து நிற்பதை டெக்ஸ்ட்-ராப் பண்பின் பேலன்ஸ் மதிப்பு பெருமளவு தவிர்க்கிறது. 2024-இலிருந்து மூன்று முக்கிய உலாவிகளிலும் அதை நம்பலாம்.

இவற்றையெல்லாம் பழகுவதற்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள்.
*– கல்லூரி விரிவுரையாளர், திருச்சிராப்பள்ளி*

2003-இல் டேவ் ஷே என்பவர் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளம் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பை அனைவருக்கும் கொடுத்து, அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் ஸ்டைல் ஷீட்டால் மட்டுமே புதுத் தோற்றம் தருமாறு வடிவமைப்பாளர்களை அழைத்தது. அதே முறையை வகுப்பறையில் கடைப்பிடிக்கலாம். ஒரு செய்தி, ஒரு படம், ஒரு படிவம், ஓர் அட்டவணை அடங்கிய பக்கத்தை மாணவர்களுக்குக் கொடுத்து, நாளிதழ், அருங்காட்சியகம், திருவிழா அழைப்பிதழ் என மூன்று தோற்றங்களைக் கேளுங்கள். முதல் சுற்றில் நிழலும் அசைவும் கூடாது. இடைவெளி, எழுத்தளவு, கிரிட் ஆகியவற்றாலேயே மூன்றும் வேறுபட வேண்டும். உலாவியின் டெவலப்பர் கருவியில் கிரிட் கோடுகளைத் திரையில் காட்டச் செய்து, எந்த விதி எதனால் அடிபட்டது என்பதை ஸ்டைல்ஸ் பலகத்தில் பார்த்து விளக்கச் சொல்லுங்கள். எச்.டி.எம்.எல்.லில் ஒரு கிளாஸ் சேர்த்தால்தான் முடியும் என்று யாராவது வந்தால், அனுமதிப்பதற்கு முன், உள்ளே இருப்பதைப் பார்த்து வெளி உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஹாஸ் (:has) செலக்டரால் முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் உள்ள அட்டைக்கு மட்டும், பிழை உள்ள படிவத்துக்கு மட்டும் என்பது போன்ற தேவைகளில் பெரும்பாலானவற்றை அது தீர்த்துவிடும்.