சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும் முன் என்னென்ன செய்வார்கள்? கழுவிப் பளபளப்பாக்கினால் போதாதா?

போதாது. பளபளப்பு இதில் கடைசிக் கவலை.

நான் இருப்பது டெக்சஸ். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள அமெரிக்காவில் மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் கதையே வேறு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் நிரப்புவது .308 வின்செஸ்டர் என்ற ரகத் தோட்டா. கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது அது உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிக் கழன்று வரும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. நாம் மெனக்கெடுவதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் வேலை, அழுக்கோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பது. குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய மேல்பகுதியான கழுத்தில் கீறல் விட்டிருந்தால் சுலபமாகத் தெரியும். ஆபத்தானது அடியில் இருப்பது. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் வெளிறிய வளையம் ஓடினால் அங்கே சுவர் உள்ளுக்குள் மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக மடக்கி உள்ளே விட்டு, சுவரை உரசியபடி மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுனி தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. .308-இன் அழுத்த வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரிந்தால் வாயு முகத்தை நோக்கி வரலாம்.

வளையம் வரப் பெரும்பாலும் நாமே காரணம். டை என்ற எஃகு அச்சில் அழுத்திக் கூட்டை அளவுக்குக் கொண்டுவரும்போது, கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையை அளவுக்கு மீறிக் கீழே தள்ளிவிட்டால், அடுத்த முறை சுடும்போது கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தள்ளினால் போதும். டையில் விடும் முன் மசகு தடவ மறக்காதீர்கள். தடவாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டு அரை நாள் போகும். அதிகமாகத் தடவினால் தோளில் சொட்டை விழும்.

பிறகு நீளம். அதிகபட்சம் 2.015 அங்குலம், தாண்டினால் 2.005-க்கு வெட்டி, வாயின் பிசிறை உள்ளும் வெளியும் எடுத்துவிட வேண்டும். ராணுவக் கூடுகளில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும், அடியில் இருக்கும் சிறு மூடி) நெரித்துப் பொருத்தப்பட்டிருக்கும், அந்த விளிம்பையும் நீக்கணும். அடியில் ஒற்றைத் துளைக்குப் பதில் இரண்டு துளை இருந்தால் அது பெர்டான் வகை. பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசியை ஒடித்துவிடும், ஒதுக்கிவிடுங்கள்.

இனி கழுத்தைச் சூடாக்குவது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் விறைத்துப்போய் ஒடிவது போலத்தான் கழுத்துப் பித்தளையும், திரும்பத் திரும்பச் சுட்டு நிரப்பும்போது விறைக்கிறது. சில விநாடி சுமார் 400 டிகிரி செல்சியஸ் காட்டினால் இளகும். அடிப்பாகம் மட்டும் சூடேறவே கூடாது. அங்கே இளகிய கூட்டை எக்காரணம் கொண்டும் நிரப்பக்கூடாது. சூடாக்கித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது எஃகுக்குச் சொல்வது, பித்தளைக்கு இல்லை.

இதில் நம்மூர்ப் பக்கத்துச் சரித்திரம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921-இல்தான் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. அதனால்தான் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் வேண்டாம் என்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்பும் துளி சிட்ரிக் அமிலமும் போதும்.

உலர்முறையில் வால்நட் ஓட்டுத்தூளில் உருட்டுவதானால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிரைமர் எச்சத்தில் ஈயம் உண்டு, தூசியாகப் பறக்கும். குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

கழித்துக்கட்டிய கூடுகளின் வாயை நான் இடுக்கியால் நசுக்கிவிடுவேன், நல்லதோடு கலந்துவிடாமல் இருக்க. டப்பா நிறைந்ததும் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்.